வலையை எடுத்துவிட்டால் குளத்தில் மீன் பெருகுமா?

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் மாம்புரியைத் தாண்டும்போது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. இடையில் மணல் தரை, தோட்டங்கள், காற்றாலைகள். ஆறும் இல்லை, சொல்லும்படியான குளமும் இல்லை. இங்குள்ளவர்களுக்கு மீன் என்றால் கடல் மீன், இல்லாவிட்டால் களப்பு மீன். ஆனால் சோளகம் ஓங்கி அடிக்கும் மாதங்களில் மேற்குக் கடலில் தொழில் மந்தமாகிவிடும். அப்போது சந்தையில் திலாப்பியாவின் பங்கு கூடும். விலை குறைவு, ஐஸ் பெட்டியில் வந்தாலும் புதிது, முள் பெரிது. முகம் சுளித்துக்கொண்டே வாங்குபவர்களும் உண்டு.

அந்த மீன் தொலைவிலிருந்து வருவதல்ல. இதே புத்தளம் மாவட்டத்தின் உட்பகுதியில் மீ ஓயாவை மறித்துக் கட்டிய இங்கினிமிட்டிய நீர்த்தேக்கம் இருக்கிறது, தப்போவ குளம் இருக்கிறது. கொஞ்சம் வடகிழக்கே போனால் கலா ஓயாவின் கீழ்ப்பகுதியில் ராஜாங்கனை. மீ ஓயாவும் கலா ஓயாவும் கடைசியில் வந்து சேருவது நம்முடைய புத்தளம் களப்பில்தான். ஆகவே மேலே அணைக்குள் நடப்பது கீழே களப்பில் வலை போடுபவருக்கும் சம்பந்தமில்லாத விடயம் அல்ல.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் இங்கும் ஒரு கேள்வி எழுகிறது. கடலுக்கு ஓய்வு கொடுப்பதுபோல் குளங்களுக்கும் சில காலம் ஓய்வு கொடுத்தால் என்ன? கடலைவிடக் குளம் சிறியது, எல்லை தெரிந்தது, காவல் போடுவதும் சுலபம். தடை போட்டால் மீன் பெருகத்தானே வேண்டும்?

கேள்வி நியாயமானது. ஆனால் நீர்த்தேக்கத்துக்கு அதன் விடை அவ்வளவு நேரானதல்ல. இலங்கையிலேயே இதற்கு ஓர் அனுபவம் இருக்கிறது. அதை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

அரசு கையை எடுத்த நான்கு ஆண்டுகள்

1990 இல் அன்றைய அரசாங்கம் உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது. கடல் மீன்பிடியில் கைவைக்கவில்லை. குளங்களில் மீன் வளர்த்துக் கொல்வதற்கு அரசு பணம் செலவிடுவது பௌத்த அறத்துக்கு ஒவ்வாது என்ற அழுத்தமே அதற்குப் பின்னணி. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வள்ளத்துக்கும் வலைக்கும் மானியம் கிடைத்தது, அரசின் இனப்பெருக்க நிலையங்களில் மீன்குஞ்சு உற்பத்தியாகிக் குளங்களில் விடப்பட்டது, என்ன வலை போடுகிறார்கள் என்று பார்க்க அதிகாரிகள் வந்துபோனார்கள். எல்லாம் நின்றது.

அது 1990. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வந்திறங்கிய ஆண்டு. யுத்தமும் இடம்பெயர்வும் பத்திரிகையை நிறைத்த காலத்தில் குளத்து மீன் பெரிய செய்தியாகாமல் போனதில் வியப்பில்லை.

சட்டப்படி அது மீன்பிடித் தடை அல்ல. யாரும் மீன் பிடிக்கக்கூடாது என்று சொல்லப்படவில்லை. ஆனால் அதன் நோக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், குளத்து மீன் கொல்லப்படுவது குறைய வேண்டும். நடந்தது வேறு. குளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் எங்கும் போகவில்லை. போவதற்கு வேறு தொழிலும் இல்லை. கண்காணிப்பு மட்டும் போனது. பெரிய கண் வலை கிழிந்தபோது புதிது வாங்க மானியம் இல்லை. சிறிய கண் வலைகள் குளத்துக்குள் வந்தன. முட்டையிடும் வயதுக்கு வராத மீன்களும் கரைக்கு வந்தன.

உத்தியோகபூர்வ கணக்கின்படி 1989 இல் ஏறத்தாழ 40,000 தொன்னாக இருந்த உள்நாட்டு மீன் உற்பத்தி 1994 இல் 12,000 தொன் அளவுக்கு விழுந்தது. இந்த எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். கணக்கெடுக்கும் ஆட்களும் இல்லாமற்போன காலம் அது. பிடிபட்டும் பதிவாகாத மீன் கட்டாயம் இருந்திருக்கும். ஆகவே அந்த இறக்கம் முழுவதையும் மீன் தொகையின் இறக்கம் என்று வாசிக்க முடியாது. ஆனாலும் சிறிய கண் வலை பரவியதும், குஞ்சு விடுவது நின்றதால் கெண்டை இனங்கள் பிடியில் அருகியதும் எண்ணைச் சார்ந்திராத உண்மைகள்.

1994 இல் ஆட்சி மாறியபின் கொள்கையும் மாறியது. 1996 இன் 2 ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் வந்தது. 1998 இன் 53 ஆம் இலக்கச் சட்டத்தால், சுருக்கமாக ‘நக்டா’ என்று அழைக்கப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. உடவளவை, தம்புள்ளை, இங்கினியாகலை போன்ற இடங்களிலுள்ள நிலையங்களில் மறுபடியும் மீன்குஞ்சு உற்பத்தி தொடங்கியது. 2019 இல் இறால் பண்ணைகளையும் சேர்த்து உள்நாட்டு உற்பத்தி சுமார் 90,000 தொன். அரசு விலகியபோது விழுந்தது, திரும்பியபோது எழுந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால், குளத்துக்குள் எந்த மீன் எப்படிப் பெருகுகிறது என்ற விடயம் மறைந்துவிடும்.

ஏரி இல்லாத நாட்டில் ஏரி மீன்

இலங்கையில் பெரிய இயற்கை நன்னீர் ஏரி கிடையாது. நாம் பார்க்கும் நீர்ப்பரப்பெல்லாம் மனிதர் கட்டியது. சில ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன், சில நாற்பது ஆண்டுகளுக்கு முன். நெல்லுக்காகக் கட்டினார்கள், பின்னர் மின்சாரத்துக்காகவும் கட்டினார்கள். மீனுக்காக யாரும் கட்டவில்லை. நம்முடைய சொந்த நன்னீர் மீன்கள் ஆற்றிலும் ஓடையிலும் சதுப்பிலும் வாழப் பழகியவை. விரால், கெளுத்தி, விலாங்கு போன்றவை குளத்தின் ஓரங்களில் வாழும். நடுவிலுள்ள பரந்த நீரில் வாழ்ந்து பெருகும் பெரிய மீன் எதுவும் நம்மிடம் இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது 1952 இல் கொண்டுவரப்பட்ட கிழக்கு ஆபிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா. பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரம்போன்ற பெரிய குளங்களில் சில ஆண்டுகளிலேயே வலையில் விழும் மீனில் பெரும்பங்கு அதுவாகிவிட்டது. வணிக ரீதியான குளத்து மீன்பிடி என்று ஒன்று இந்த நாட்டில் உருவானதே அதன் பின்னர்தான். 1970களில் நைல் திலாப்பியாவும் வந்தது. இன்று பல குளங்களில் இரண்டும் கலந்த கலப்பினமே அதிகம்.

திலாப்பியாவின் பலம் அதன் குடும்ப வாழ்க்கையில் இருக்கிறது. ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீரில் தரையைத் தோண்டிக் கிண்ணம்போல் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுக் கருவூட்டியதும் அதை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கும்வரை வாய்க்குள்தான் பாதுகாப்பு. ஓடும் நீர் தேவையில்லை, வெள்ளம் தேவையில்லை, வேறிடம் போகவும் தேவையில்லை. ஆண்டில் பல தடவை முட்டையிடும். இப்படிப்பட்ட மீனுக்கு இரண்டு மாத ஓய்வு கொடுத்தால் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

கெண்டை இனங்களின் கதை முற்றிலும் வேறு. கட்லா, ரோகு, மிரிகால் என்ற இந்தியக் கெண்டைகளும் புல்கெண்டை, பெருந்தலைக் கெண்டை, வெள்ளிக்கெண்டை என்ற சீனக் கெண்டைகளும் நம் குளங்களில் நன்றாக வளரும். பல கிலோ எடைக்கு வரும். ஆனால் குளத்துக்குள் எண்ணிக்கையில் பெருகாது. அவை பெரிய ஆறுகளின் மீன்கள். மழையில் ஆறு பெருகி ஓடும்போதுதான் அவற்றுக்கு முட்டையிடும் தூண்டுதல் வரும். தேங்கிய நீரில் அது வராது. எனவே நிலையத்தில் ஹோர்மோன் ஊசி ஏற்றி முட்டையிட வைத்து, பொரித்த குஞ்சை விரலளவுக்கு வளர்த்து, லொறியில் கொண்டுவந்து குளத்தில் விடுகிறார்கள். இப்படி விடப்படும் நன்னீர்ப் பெரிய இறாலும் அவ்வாறே. அதன் குடம்பிகள் வளர உவர்நீர் வேண்டும். அணைக்கு மேலே அது கிடையாது.

இப்போது அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்போம். ஒரு குளத்தில் ஐந்து ஆண்டுகள் யாரும் வலை போடாமல் தடை செய்தால் கெண்டை பெருகுமா? பெருகாது. இருக்கும் மீன் பெரிதாகும், கிழடாகும், செத்துப்போகும். குஞ்சு விடாவிட்டால் கடைசியில் பூச்சியம். பெரிய இறாலுக்கும் அதே கணக்குத்தான். தடையை மட்டும் வைத்துப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

அந்தக் கெண்டைகளின் தாய் ஆறு

உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்பிடித் தடை இப்போது நடைமுறையில் இருப்பது அந்தச் சீனக் கெண்டைகளின் சொந்த ஊரில். யாங்சி ஆற்றில் 2020 ஜனவரி 1 முதல் 332 பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும், 2021 ஜனவரி 1 முதல் பிரதான ஆறு, முக்கிய கிளை ஆறுகள், பொயாங், தொங்திங் ஏரிகள் ஆகியவற்றிலும் தொழில்முறை மீன்பிடி பத்து ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டுள்ளது. 660 கிலோமீற்றர் நீளமான ‘மூன்று மலையிடுக்கு’ அணையின் நீர்த்தேக்கமும் இதற்குள் அடங்கும். கரையேற்றப்பட்ட படகுகள் சுமார் 1,11,000. தொழிலை விட்டவர்கள் சுமார் 2,31,000 பேர்.

இந்தத் தடை சும்மா வரவில்லை. யாங்சியின் துடுப்புமூக்கு மீன் 2003 இற்குப் பின் உயிரோடு காணப்படவில்லை. 2022 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அது அழிந்துவிட்டதாக அறிவித்தது. பாய்ஜி என்ற ஆற்று டொல்பினை 2006 இல் ஆறு முழுவதும் தேடியும் ஒன்றுகூடத் தென்படவில்லை. அதற்கு முன் ஆண்டுக்கு மூன்று நான்கு மாதத் தடை இருந்தது. தடை முடிந்த மறுநாள் எல்லா வலையும் ஆற்றுக்குள். மூன்று மாதத்தில் வளர்ந்த குஞ்சு அதற்கடுத்த மாதத்தில் வாரி எடுக்கப்பட்டது. அந்த அனுபவத்தின் பின்னர்தான் பத்து ஆண்டு என்ற முடிவு.

பலன் உண்டா? எளிதில் எண்ணக்கூடிய ஓர் உயிரினத்தைப் பார்ப்போம். துடுப்பில்லா முதுகுடைய யாங்சி கடற்பன்றி, மீனைத் தின்று வாழ்வது. 2017 கணக்கெடுப்பில் 1,012 ஆக இருந்தது 2022 இல் 1,249 ஆனது. மீன் கூடாமல் இது கூடியிருக்க வாய்ப்பில்லை. வலையிலும் படகிலும் அடிபட்டுச் சாவது குறைந்ததும் ஒரு காரணம்.

ஆனால் தடையால் தீர்க்க முடியாத பகுதியும் அதே ஆற்றில் இருக்கிறது. சீன ஸ்டர்ஜன் என்ற பெரிய மீன் கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஆற்றில் ஏறிவந்து முட்டையிடும். 1981 இல் கெஜௌபா அணை அந்தப் பாதையை மறித்தது. அணைக்குக் கீழே எஞ்சிய ஒரேயொரு இடத்திலும் 2017 இலிருந்து இயற்கையாக முட்டையிட்டதற்கான தடயம் கிடைக்கவில்லை. பத்து ஆண்டு அல்ல, நூறு ஆண்டு வலை போடாமல் இருந்தாலும் அணை அங்கேயேதான் நிற்கும். நமக்குப் பக்கத்திலும் இதே கதை உண்டு. 1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின் காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் வரத்து தேய்ந்தது. அதற்கு வலைக்காரர் மட்டும் காரணம் அல்ல.

கெண்டைக்கு வருவோம். ஆறு பெருகும்போது முட்டையிடும் கெண்டையின் முட்டை நீரோட்டத்தில் மிதந்தபடியே பொரிக்கும். ஓட்டம் நின்றால் முட்டை அடியில் படிந்து சாகும். மூன்று மலையிடுக்கு நீர்த்தேக்கம் 2003 இல் நிரம்பத் தொடங்கியபின் அணைக்குக் கீழே இளவேனிலில் வரும் நீர் முன்பைவிடக் குளிர்ந்திருந்தது, வெள்ள ஏற்றமும் மட்டுப்பட்டது. கெண்டைக் குஞ்சுகளின் வரத்து படுமோசமாக விழுந்தது. 2011 ஜூன் மாதத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். மின் உற்பத்திக்காக மட்டும் மதகைத் திறப்பதை விட்டு, சில நாட்கள் நீரை நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டித் திறந்து, செயற்கையாக ஒரு சிறு வெள்ளத்தை உண்டாக்கினார்கள். கெண்டை முட்டையிட்டது. பின்னர் அது வழக்கமாகிவிட்டது. தடை அறிவிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மீனைக் காக்க அங்கே மதகைத் திறக்கும் முறையை மாற்ற வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. படகைக் கொடுத்தவர்களுக்கு இழப்பீடும் ஓய்வூதியத் திட்டமும் தொழிற்பயிற்சியும் வழங்கப்பட்டன. சிலரை மீன் காவலர்களாகவே வேலைக்கு எடுத்தார்கள். எல்லோரும் திருப்தியடைந்தார்கள் என்று சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகப் படகில் வாழ்ந்தவர்களை அடுக்குமாடி வீட்டில் குடியேற்றுவது இலேசான மாற்றம் அல்ல. சீனாவைப்போல் ஒரே உத்தரவில் இரண்டு இலட்சம் பேரின் தொழிலை நிறுத்தும் வழி ஒரு ஜனநாயக நாட்டில் இருக்கவும் கூடாது. ஆனால் தடைக்குப் பணம் தேவை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. 1990 இல் இங்கே நடந்ததோடு ஒப்பிட்டால் வேறுபாடு இதுதான். அங்கே மீன்பிடியை நிறுத்தினார்கள், செலவைக் கூட்டினார்கள். இங்கே செலவை நிறுத்தினார்கள், மீன்பிடி தன்பாட்டில் நடந்தது.

குளத்தை ஆள்வது வலை அல்ல, மதகு

நம் குளங்களில் மீன் தொகையைத் தீர்மானிப்பதில் வலைக்கு நிகரான ஒன்று நீர்மட்டம். மீன்பிடிச் சட்டம் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பெரும்போக மழையில் குளம் நிரம்பும். காய்ந்து கிடந்த கரையோரப் புல்வெளி நீரில் மூழ்கும். அங்கே கால்நடைகளின் சாணமும் அழுகும் புல்லும் உரமாகி, நுண்ணுயிர்த் தாவரங்கள் பெருகும். திலாப்பியாவுக்குச் சாப்பாடும் கூடு கட்ட ஆழமற்ற இடமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். சிறுபோகத்துக்கு மதகு திறந்தபின் நீர் வேகமாக வற்றும். கூடுகள் கரையில் காயும். மீன் நடுக்குளத்தில் நெருங்கி நிற்கும். ஜூலை முதல் செப்டெம்பர்வரை பல குளங்களில் பிடி கூடுவது மீன் பெருகியதால் அல்ல, தண்ணீர் சுருங்கியதால்.

மீன் அதிகம் பிடிபடும் மாதத்தைப் பார்த்து மீன் அதிகம் இருக்கிறது என்று நினைக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது. கடுமையான வரட்சி வந்த ஆண்டில் ஒரு வாரத்தில் குளமே துடைக்கப்பட்டுவிடும். வான் பாயும் ஆண்டில் அதற்கு மறுதலை. வான் கதவின் வழியே மீன் கீழே போகும், ஊரே கீழே நின்று பிடிக்கும். தடை, தடையின்மை இரண்டும் அப்போது ஒன்றுதான்.

வலையைப் பற்றிய சட்டம் தெளிவானது. குளத்தில் போடும் வலையின் கண் இழுத்துப் பிடித்து அளந்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. கரைவலை கூடாது. 2006 முதல் தங்கூசி வலை நாட்டின் எல்லா நீரிலும் தடை. இந்த 8.5 என்ற எண் சும்மா எழுந்ததல்ல. திலாப்பியா ஒருமுறையாவது முட்டையிட்ட பின் வலையில் விழட்டும் என்ற கணக்கு. தங்கூசி வலை விலை குறைவு, கண்ணுக்குத் தெரியாது, பகலிலும் மீன் விழும். கிழிந்தால் தைக்க முடியாது, குளத்திலேயே விட்டுவிடுவார்கள். அது பிடித்துக்கொண்டேயிருக்கும். இந்த ஒரு தடையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் இரண்டு மாத மூடுகாலத்தைவிட அதிகப் பலன் கிடைக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிறிய கண் வலையைப் பொத்தாம்பொதுவாகக் குற்றம் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளத்தின் நடுநீரில் விரல் நீளமுள்ள நாட்டுச் சிறுமீன்கள் ஏராளம். அவற்றை யாரும் பெரிதாகப் பிடிப்பதில்லை. நீர்க்காகங்கள்தான் சாப்பிடுகின்றன. திலாப்பியாக் குஞ்சு கரையோரத்தில் வாழ்வதால், கரையிலிருந்து விலகி ஆழமான பகுதியில் சிறிய கண் வலை போட்டு இவற்றைப் பிடிக்கலாம் என்று 1980களிலேயே இலங்கை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கருவாடாக்கலாம். ஆனால் சட்டப்புத்தகத்தில் வலைக்கண் ஒன்றே. ஆழத்தில் போட்டது, கரையில் போட்டது என்று வேறுபாடு பார்க்க அதிகாரிக்கு நேரமும் இல்லை, படகும் இல்லை.

பிடிக்கச் சொல்லிக் கேட்ட குளம்

தடைக்கு நேர் எதிரான ஒரு காட்சியும் அண்மையில் நடந்தது. குருணாகல் மாவட்டத்திலுள்ள தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுப் பெருவிரால் இனமொன்று பெருகிவிட்டதாக 2025 இல் செய்தி வந்தது. மற்ற மீன்களை விழுங்கி வளரும் இனம். வளர்ப்பு மீன் வியாபாரத்தின் வழியாக வந்து யாரோ விட்டதாக இருக்கலாம் என்பதே ஊகம். அதிகாரிகள் தூண்டில்காரர்களை அழைத்துப் போட்டி வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். தெதுரு ஓயா சிலாபத்துக்கு அருகில் கடலில் கலக்கிறது. இடையிலுள்ள வாய்க்கால்களையும் சிறு குளங்களையும் நினைத்தால் அந்த விரால் ஒரே அணைக்குள் அடங்கிக் கிடக்கும் என்று நம்புவது கடினம்.

இப்படியொரு குளத்தை மூடிவைத்தால் முதலில் கொழுக்கப்போவது எது என்று சொல்லத் தேவையில்லை. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்வதற்கென்று விற்கப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் பல நீர்த்தேக்கங்களில் பரவியிருக்கிறது. முள்ளந்தோல் உடம்பு வலையைச் சிக்கலாக்கிக் கிழிக்கும், சந்தையில் விலையும் போகாது. வலையில் விழுந்ததை மறுபடி தண்ணீரில் வீசிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டால் அதுவும் ஒருவகைப் பாதுகாப்புத்தான், தவறான மீனுக்கு.

ஓய்வு என்றால் எப்படி

இவ்வளவும் சொன்னதால் தடையே வேண்டாம் என்று பொருளில்லை. திலாப்பியாவை நம்பியிருக்கும் இங்கினிமிட்டிய போன்ற ஒரு குளத்தில், முழுக் குளத்தையும் மூடாமல், கூடு கட்டும் கரையோரப் பகுதிகளை மட்டும் நீர் ஏறும் வாரங்களில் மூடலாம். புதிதாக மீன்குஞ்சு விட்டபின் அது 8.5 சென்ரிமீற்றர் கண்ணுக்குத் தப்பாத அளவுக்கு வளரும்வரை, விட்ட இடத்தைச் சுற்றி வலை போடாமல் இருக்கலாம். விரலளவுக்கு வளராத குஞ்சை விடுவதே வீண். விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் சாப்பாடு போடுவதற்குச் சமம். இவற்றுக்கெல்லாம் வர்த்தமானி அறிவித்தலைவிடக் குளத்து மீனவர் சங்கத்தின் தீர்மானம் வேகமாக வேலை செய்யும், சங்கத்துக்கு வெளியாரைத் தடுக்கும் அதிகாரம் இருந்தால்.

ஒரு குளத்தில் இரண்டு பேர் ஒரு வள்ளத்தில் போய், மாலையில் வலை போட்டு, விடியலில் எடுத்து, மோட்டார் சைக்கிள் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த வியாபாரியிடம் முற்பணக் கடன் இருக்கும். இரண்டு மாதம் மூடினால் அந்தக் கடனை யார் பொறுப்பது? கடலோரத்தில் நமக்கு இந்தக் கணக்கு புரியும். சோளகத்தில் வள்ளம் கரையேறும் மாதங்களில் மாம்புரியிலும் கண்டக்குழியிலும் அடகுக்கடைக்குப் போகும் நகைகளின் கணக்கும் அதுதான். காற்று போடும் தடைக்கே நிவாரணம் கேட்டுக் களைத்துவிட்டோம். அரசு போடும் தடைக்கு நிவாரணம் எழுத்தில் இல்லாவிட்டால், இரவில் தங்கூசி வலை போடுபவரைக் குற்றவாளி என்று மட்டும் பார்ப்பது எளிய தீர்ப்பு.

மற்றது மதகு. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். விவசாய அமைப்புகள், நீர்ப்பாசனத் திணைக்களம், மாவட்ட நிர்வாகம் எல்லோரும் உட்கார்ந்து எந்தத் திகதியில் மதகு திறப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விடுவது, எந்த மட்டத்தில் நிறுத்துவது என்று முடிவெடுப்பார்கள். குளத்தில் ஆண்டு முழுவதும் தொழில் செய்பவரின் பேச்சு அந்தக் கூட்டத்தில் பெரிதாக எடுபடுவதில்லை. நெல்லுக்கான தண்ணீரை மீனுக்காக நிறுத்து என்று அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். அவர்களில் பலர் தாங்களே வயலும் செய்பவர்கள். கேட்கக்கூடியது இரண்டே இரண்டு. கூடு கட்டும் வாரங்களில் நீரை ஒரேயடியாக இறக்காமல் படிப்படியாக இறக்குங்கள் என்பது ஒன்று. எவ்வளவு வரட்சி வந்தாலும் குளத்தின் அடியில் தாய்மீன் தங்க ஒரு முழங்காலளவு நீரையாவது விட்டுவையுங்கள் என்பது மற்றொன்று.